தெளிந்த வட்டமும் நெட் தேர்வின் மூன்றாம் பகுதியும்

உணவுப் பாதுகாப்பு நுண்ணுயிரியலில் ஆய்வு செய்ய விரும்பும் தம்பி தங்கையர் என்னிடம் முதலில் கேட்பது, ஆய்வு உதவித்தொகைக்கான தேசியத் தகுதித் தேர்வாகிய சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வுக்கு எந்தப் புத்தகத்தைப் படிக்க வேண்டும் என்பதைத்தான். நானும் அதையே கேட்டுத்தான் தொடங்கினேன். புத்தகங்களை வரிவிடாமல் படித்தேன். இரண்டு முறை தோற்றேன். மூன்றாம் முறை தேறியதற்குப் பெரும்பங்கு இட்லி மாவைத்தான் சேரும்.

உயிர் அறிவியல் தாள் மூன்று மணி நேரம், 200 மதிப்பெண். முதல் இரு பகுதிகளுக்கு முறையே 30, 70; மீதி 100 மூன்றாம் பகுதிக்கு. அங்கே 75 வினாக்களில் 25க்கு விடையளித்தால் போதும். சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறானதற்கு 1 குறையும். நான் இரு முறையும் விழுந்தது இந்தப் பகுதியில்தான். ஒரு சோதனையையும் அதன் முடிவையும் கொடுத்து, இதிலிருந்து எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று கேட்கும் வினாக்களுக்கு மனப்பாடம் உதவாது.

அப்போது மதுரையில் சிம்மக்கல், நாகமலைப் புதுக்கோட்டை மாவுக் கடைகளில் வாங்கிய இட்லி மாவிலிருந்து லாக்டிக் அமில பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்துக்கொண்டிருந்தேன். ("அக்கா, எப்ப ஆட்டுன மாவு?" என்று கேட்டு நோட்டில் குறித்துக்கொள்ளும் என்னைக் கடைக்காரர்கள் உணவு ஆய்வாளர் என்றே நினைத்தார்கள்.) அந்த பாக்டீரியாக்களை வளர்த்த திரவத்தைச் சுழற்றித் தெளியவைத்து, லிஸ்டீரியா இன்னோகுவா என்ற பாக்டீரியாவைப் பரப்பிய அகார் (கூழ்ம ஊடகம்) தட்டின் குழிகளில் இட்டேன். மறுநாள் காலை குழிகளைச் சுற்றி லிஸ்டீரியா வளராத தெளிந்த வட்டங்கள் இருந்தன. நைசின் போன்றதொரு பாக்டீரியோசின் (பிற பாக்டீரியாக்களை அழிக்க பாக்டீரியா சுரக்கும் புரதம்) கிடைத்துவிட்டது என்று துள்ளிக் குதித்தேன். நெறியாளர் தட்டைப் பார்த்துவிட்டு, "பிஎச் எவ்வளவு?" என்று மட்டும் கேட்டார்.

நான் அளக்கவே இல்லை. அளந்தபோது 4.1 இருந்தது. அந்த வட்டத்தை வெறும் அமிலமே உண்டாக்கியிருக்கலாம். சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்து பிஎச்சை 6.5க்கு உயர்த்தியதும் பெரும்பாலான வட்டங்கள் மறைந்தன. பாக்டீரியாக்களைக் கொல்லக்கூடிய ஹைட்ரஜன் பெராக்சைடை நீக்க கேட்டலேஸ் நொதி சேர்த்ததும் இன்னும் சில போயின. எஞ்சிய ஒன்றும் புரதத்தைச் சிதைக்கும் நொதியான புரோட்டினேஸ் கே சேர்த்தவுடன் மறைந்தபோதுதான் எனக்கு உண்மையான மகிழ்ச்சி வந்தது. ஏனெனில் அங்கே வேலை செய்தது புரதம் என்பதற்கு அந்த மறைவே சான்று. நொதியை மட்டும் இட்ட குழியும், அதே பிஎச்சுக்கு லாக்டிக் அமிலம் சேர்த்த வெறும் ஊடகத்தை இட்ட குழியும் பக்கத்தில் இல்லாவிட்டால் அந்தச் சான்றும் நிற்காது.

அதன்பின் விடுமுறை நாள்களில் புது நத்தம் சாலையிலுள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் உட்கார்ந்து பழைய வினாத்தாள்களை வேறுவிதமாகப் படித்தேன். விடைகளைக் கையால் மறைத்துக்கொண்டு, இந்த முடிவு வேறு எதனால் வந்திருக்கலாம், அதை விலக்க எந்தக் கட்டுப்பாட்டுச் சோதனை வேண்டும் என்று எழுதிப் பார்த்த பிறகே விடைகளைத் திறப்பேன். ஒரு நாளைக்குப் பத்து வினாக்களுக்கு மேல் ஓடாது, அது போதும்.

இத்துறைக்கு வருவோர் டிஎன்ஏவைப் பெருக்கிக் கண்டறியும் பிசிஆருக்கு முன்பு தட்டில் கைப்பழக்கம் பெறுவது நல்லது. உணவு வழி நோய் தரும் சால்மோனெல்லா பாக்டீரியாவின் இன்வ்-ஏ மரபணுவைத் தேடும் பிசிஆர், செத்த செல்லின் டிஎன்ஏவையும் காட்டிவிடும். 25 கிராம் உணவைத் தாங்கல் பெப்டோன் நீர் என்ற ஊட்டத் திரவத்தில் ஏறத்தாழ 18 மணி நேரம் வளர்த்த பிறகு சோதிப்பதற்கு, உயிருள்ளவை, குறிப்பாகக் காயம்பட்டவை, தேறிப் பெருகட்டும் என்பதும் ஒரு காரணம். சால்மோனெல்லாவைத் தேடப் பயன்படும் எக்ஸ்எல்டி அகாரில் கறுப்பு மையம் கொண்ட குடியிருப்பு (பாக்டீரியாத் திரள்) தெரிந்தாலும் அது சால்மோனெல்லாதான் என்று எழுதிவிடக்கூடாது. புரோட்டியஸ் என்ற வேறு பாக்டீரியாவும் அப்படித் தோன்றலாம்.

நெட் ஒன்றையே நம்பியிருக்க வேண்டியதில்லை. முதுநிலைப் படிப்புகளுக்கான கேட் (GATE) தேர்வின் உயிர் அறிவியல் தாளில் நுண்ணுயிரியலையும் உணவுத் தொழில்நுட்பத்தையும் சேர்த்தே எடுக்கலாம். மைசூரில் 1950 முதல் இயங்கும் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனமும், தஞ்சாவூரிலுள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமும் விண்ணப்பிக்கத் தக்கவை. நேர்காணலுக்கு நான் எஞ்சிய வட்டத்தின் படத்தோடு மறைந்த வட்டங்களின் படங்களையும் எடுத்துச் சென்றேன். குழுவினர் அதிக நேரம் கேள்வி கேட்டது மறைந்தவற்றைப் பற்றித்தான்.