தெனாரியஸைத் தண்ணீரில் தொங்கவிட்டு மாற்றுப் பார்த்தேன்

என்னிடம் வெவ்வேறு ரோமப் பேரரசர்கள் அடித்த நான்கு வெள்ளிக் காசுகள் இருக்கின்றன. தெனாரியஸ் என்பது அப்படியொரு ரோமானிய வெள்ளிக் காசு. அவற்றில் உண்மையில் எவ்வளவு வெள்ளி என்று தெரிந்துகொள்ள ரொம்ப நாள் ஆசை. உரைகல்லில் உரச மனம் வராது. உரசினாலும் மேல்தோல்தான் தெரியும். மாற்றுக் குறைந்த, அதாவது வெள்ளி குறைந்த வில்லைகளின் மேற்பரப்பிலிருந்து செம்பை அரித்தெடுத்துவிட்டு காசாக அச்சடிப்பது ரோமில் வழக்கமாக இருந்தது. உள்ளே பாதி செம்பு, வெளியே சொக்க வெள்ளி. அதனால் ஒப்படர்த்தி, அதாவது தண்ணீரைவிட எத்தனை மடங்கு அடர்த்தி என்று பார்ப்பது என்று முடிவு செய்தேன். வெள்ளிக்கு 10.49, செம்புக்கு 8.96. கலவை இரண்டுக்கும் நடுவில் வரும்.

முதல் வாரம் வீண். என் தராசு 0.01 கிராம் வரைதான் காட்டும். பேரரசர் திபெரியஸின் தெனாரியஸ் ஒரு தடவை 10.60, அடுத்த தடவை 10.31 என்றது. மூன்றரை கிராம் காசுக்கு அது போதாது. அப்புறம் 0.001 கிராம் காட்டும் நகைத் தராசு வாங்கினேன்.

தராசின் மேல் தண்ணீர் டம்ளர். அதைப் பூஜ்யமாக்கிவிட்டு, மெல்லிய நைலான் நூலில் கட்டிய காசை அடியில் தொடாமல் முக்க வேண்டும். தராசு காட்டுவது காசு விலக்கிய தண்ணீரின் எடை. காசின் எடையை அதால் வகுத்தால் சரி. இதில் பெரிய எதிரி காற்றுக் குமிழிதான். திபெரியஸ் காசின் பின்புறம் ஒரு பெண் கையில் கிளையோடு உட்கார்ந்திருப்பாள். அவன் தாய் லிவியா என்பார்கள். அந்தக் கிளைக்கு அடியில் கடுகளவு குமிழி ஒன்று ஒட்டிக்கொண்டு போகவே இல்லை. பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்டதும் விலகியது.

திபெரியஸ்: 3.712 கிராம், தண்ணீர் 0.357. ஒப்படர்த்தி 10.40, அதாவது சுமார் 95 சதவீதம் வெள்ளி. கொங்கு நாட்டுப் புதையல்களில் அகஸ்டஸ், திபெரியஸ் காசுகளே ஏராளம் என்று படித்திருந்தேன். கி.பி. 64-இல் நீரோ எடையையும் மாற்றையும் குறைத்த பிறகு நம் பக்கத்து வணிகர்கள் பழைய காசையே விரும்பினார்கள் என்பார்கள். இந்த எண்ணைக் கண்ணால் பார்த்ததும் அவர்கள் பக்கம் நியாயம் தெரிந்தது.

செப்டிமியஸ் செவெரஸ்: 9.68, வெள்ளி பாதிதான். கையில் எடுத்தால் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது!

மூன்றாம் கோர்டியனின் அன்டோனினியானஸ் 4.265 கிராம், ஒப்படர்த்தி 9.56. சுமார் 43 சதவீதம். கி.பி. 215-இல் கரகல்லா கொண்டுவந்த இந்த வகைக் காசை இரண்டு தெனாரியஸ் மதிப்பில் ஓடவிட்டார்கள் என்பது பொதுவான கருத்து. எடையோ ஒன்றரை தெனாரியஸ் அளவுகூட இல்லை. எனக்கு இதுதான் நெஞ்சைத் தொட்டது. சம்பளமாக இதை வாங்கிய சிப்பாய்க்கு என்ன மிஞ்சியிருக்கும்?

கடைசியாக கல்லியெனஸ் காசு 8.63 காட்டியது. செம்பைவிடக் குறைவு. களிம்பேறி உள்ளே பொத்தலாகிப் போன காசுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. அதன் மேல் வெள்ளிப் பூச்சு கழுத்தோரம் மட்டும் நகக்கண் அளவு மிஞ்சியிருக்கிறது. அடுத்து ரோமானியத் தளபதி மார்க் ஆண்டனி தன் படைகளுக்காக அடித்த தெனாரியஸ் ஒன்று கிடைத்தால் முக்கிப் பார்க்க வேண்டும்.