30 கேஜ் கம்பி

ஜூலை 1, திங்கள்

அம்மாவின் டெஸ்ட் ரிப்போர்ட் வரப் பத்து நாள் ஆகுமாம். பத்து நாள்.

ஜூலை 2, செவ்வாய்

ரிச்சி தெருவில் ஏழு கடை ஏறி இறங்கினேன். வயர் ராப் டூல், அதாவது போர்டில் ஊசி மாதிரி நிற்கும் பின்களில் கம்பியைச் சுற்றி இணைக்கும் கருவி, என்று கேட்டால் மோட்டார் காயில் சுற்றும் மெஷினைக் காட்டுகிறார்கள். எட்டாவது கடையில் ஒரு பெரியவர், "அதெல்லாம் பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்சோட போச்சே தம்பி" என்று சொல்லிக்கொண்டே மேஜை இழுப்பறையைக் கிளறினார். அடியில் ஒன்று கிடந்தது. பேனா மாதிரி இருக்கிறது. ஒரு முனை சுற்ற, மறுமுனை கழற்ற, கைப்பிடிக்குள் கம்பியின் உறையை உரிக்கச் சின்ன பிளேடு. பிளேடு மழுங்கவில்லை. 30 கேஜ் நீலக் கம்பி ஒரு சுருளும் கொடுத்தார். இரண்டையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஜூலை 3

ஒன்றும் செய்யவில்லை.

ஜூலை 4, வியாழன்

ராத்திரி ஒரு மணி வரை பழகினேன். ஓர் அங்குலம் உறையை உரித்து, டூலின் நுனியில் ஓரமாக இருக்கும் ஓட்டையில் கம்பியை நுழைக்க வேண்டும். நடு ஓட்டை போர்டின் பின் நுழைவதற்கு. கம்பி கால் மில்லிமீட்டர்தான். அந்த ஓர ஓட்டையே லென்ஸ் வைத்தால்தான் தெரிகிறது. அப்புறம் வலப்பக்கமாகத் திருக வேண்டும். அடியில் உறையோடு ஒன்றரைச் சுற்று வந்தால் கம்பி ஆடினாலும் ஒடியாது. அதற்கு மேல் வெறும் கம்பி ஏழு சுற்று.

அழுத்தினேன், சுற்று மேல் சுற்று ஏறிக்கொண்டது. தூக்கிப் பிடித்தேன், நடுவில் இடைவெளி. சுற்று ஏற ஏற டூல் தானாக மேலே வருகிறது, கை அதன்கூடப் போனால் போதும். இது புரிய இருபது பின் ஆயிற்று.

ஈயத்தை உருக்கி ஒட்டும் சால்டர் ஒரு பொட்டுக்கூடக் கிடையாது. சதுரப் பின்னின் நான்கு மூலையும் கம்பியைக் கடித்துப் பிடிக்கின்றன, கடித்த இடத்தில் காற்றுகூடப் புகாது. ஏழு சுற்றுக்கு 28 கடி. நிலவுக்குப் போன அப்போலோ கணினியில் மாட்யூல்களை ஒன்றோடொன்று இணைத்ததும் இந்தச் சுற்றுதான். ரெசிஸ்டர் காலில் சுற்றிப் பார்த்தேன். உருண்டைக் கால், மூலை இல்லை, உருவிக்கொண்டு வந்துவிட்டது.

28 கடி. பஸ்ஸிலும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 6, சனி

"விரல் நுனியெல்லாம் சிவந்து கிடக்கே, என்னடா பண்றே?" என்றாள் அம்மா. சொன்னேன். கையை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். பத்து நாளில் இன்னும் ஐந்து.

ஜூலை 8, திங்கள்

எல்லாம் தலைகீழ். சுற்றுவது போர்டின் அடிப்பக்கம், நான் எண்ணியதோ மேலிருந்து பார்க்கும் கணக்கில். இசட்80 ப்ராசஸர் சிப்பின் 11ஆம் பின்னுக்குப் போகவேண்டிய 5 வோல்ட் எதிர்வரிசையில் 30இல் போய் நிற்கிறது. ரீசெட் 26க்குப் பதில் 15இல். மல்டிமீட்டரில் பார்க்கும்போதுதான் தெரிந்தது. நல்லவேளை, சிப்பைச் சொருகவில்லை.

ஒரு தப்பு என்றால் பரவாயில்லை. மூன்று ராத்திரி வேலை முழுக்கத் தப்பு. அழுகை வந்தது, இதற்காக மட்டும் இல்லை.

ஜூலை 9

மறுமுனையால் இடப்பக்கமாகத் திருகிக் கழற்றினேன். மூலை பதிந்த தழும்போடு வருகிறது ஒவ்வொரு கம்பியும். அதை மறுபடி சுற்றினால் ஒடிந்துவிடும். 46 துண்டு.

ஜூலை 10

காகிதத்தில் அடிப்பக்கக் கணக்குப்படி எண் எழுதி, பின்களின் மேல் குத்தி இறக்கிவிட்டேன். இனி கண் ஏமாறாது.

ஜூலை 11, வியாழன்

காலை 6.40. 11 முடிந்தது, 29 முடிந்தது. மூன்று மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். 26க்குக் கம்பி உரித்து வைத்திருக்கிறேன். வந்து சுற்றிக்கொள்ளலாம்.