ரிலே ஒலித்தது, விசிறி சுழலவில்லை

சென்ற வாரம் என் காரின் ரேடியேட்டர் விசிறி நின்றுபோய், சிக்னலில் நிற்கும்போதெல்லாம் வெப்பமானியின் முள் மேலேறத் தொடங்கியது. ஃபியூஸ் நன்றாகவே இருந்தது. விசிறிக்கு மின்சாரத்தை இணைக்கும் மின்காந்த சுவிட்சான ரிலேயும் 'டிக்' என்று ஒலித்ததால், மோட்டார்தான் எரிந்துவிட்டது என்று மெக்கானிக் உறுதியாகச் சொன்னார். எனக்கு அதில் சம்மதமில்லை. ஏனெனில் அந்த ஒலி, ரிலேயின் 85, 86 ஆகிய முனைகளுக்கிடையே உள்ள சுருள் காந்தமாகிறது என்பதைக் காட்டுமே தவிர, பேட்டரியிலிருந்து வரும் 30-ஆம் முனையிலிருந்து விசிறிக்குப் போகும் 87-ஆம் முனைக்கு மின்சாரம் முழுமையாகக் கடக்கிறது என்பதற்குச் சான்றாகாது.

ரிலேயைக் கழற்றி அளந்தபோது சுருள் 80 ஓம் காட்டியது. 12 வோல்ட் ரிலேக்களில் இது இயல்பான அளவே. பக்கத்திலிருந்த ஹாரன் ரிலே அதே வகை என்பதால் இடம் மாற்றிப் பார்த்தேன். அப்போதும் விசிறி அசையவில்லை. ரிலே செருகும் சாக்கெட்டின் 30-ஆம் முனையிலோ மல்டிமீட்டர் 12.5 வோல்ட் காட்டியது. பலரும் ஏமாந்துபோகும் இடம் இதுதான்: சுமையில்லாமல், அதாவது மின்சாரம் இழுக்கும் எதையும் இணைக்காமல் அளந்தால், ஒற்றை இழையில் தொங்கும் ஒயர்கூட முழு வோல்ட்டேஜையும் காட்டிவிடும். ஆகவே ஹெட்லைட் பல்பு ஒன்றை அந்த முனைக்கும் பேட்டரியின் மைனஸுக்கும் இடையே இணைத்தேன். பல்பு மங்கலாகச் சிவந்ததோடு சரி, மீட்டர் 4 வோல்ட்டுக்கு இறங்கியது.

சாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தபோது, 30-ஆம் முனையின் பித்தளைக் கவ்வி வாய் விரிந்து கறுத்து, சுற்றியிருந்த பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருந்தது. அதைக் குறட்டால் நெருக்கிவிடுவது எனக்கு உடன்பாடில்லை; சூட்டில் பதம் இழந்த பித்தளைக்குப் பழைய பிடிப்பு திரும்பாது. பேட்டரியைத் துண்டித்துவிட்டு, புதிய கவ்வியை ஒயரில் கிரிம்ப் செய்து (அழுத்தி இறுக்கி) பொருத்தினேன். பழைய மோட்டாரே முழு வேகத்தில் சுழன்றது.