கூடத்துச் சுவரில் 1490-ம் 1310-ம்

போன வாரம் வீட்டில் இணையம் நின்றுவிட்டது. தெருமுனையில் பள்ளம் தோண்டியபோது ஃபைபர் அறுந்திருக்கிறது. ஒட்டுப்போட வந்த தம்பி வேலையை முடித்துவிட்டு, வீட்டு இணையப் பெட்டியில் இருந்த பச்சை கனெக்டரைக் கழற்றி பவர் மீட்டரில் செருகி, "மைனஸ் 19 சார், நல்ல பவர்" என்றார். பக்கத்தில் நின்ற அக்கா மகள், பிளஸ் ஒன் படிக்கிறாள், கேட்டாள்: "மாமா, இதுல ஒரே ஒரு கண்ணாடி இழைதானே இருக்கு? போறதும் வர்றதும் அதுலயேவா? நடுவுல முட்டிக்காதா?"

நல்ல கேள்வி. முட்டிக்கொள்ளாது, ஏனென்றால் நமக்கு வருவது 1490 நானோமீட்டர் அலைநீளத்தில், நாம் அனுப்புவது 1310-ல். அதே இழையில் கேபிள் டிவியும் தருகிறவர்கள் அதற்கு 1550-ஐ வைத்துக்கொள்கிறார்கள். இவ்வளவு குறைந்த பவரில் (மைனஸ் 19 என்றால் ஒரு மில்லிவாட்டில் ஏறக்குறைய எண்பதில் ஒரு பங்கு) ஒளியும் ஒளியும் கண்ணாடிக்குள் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் கடந்து போய்விடும். பெட்டிக்குள் இருக்கும் குட்டி வடிகட்டி ஒன்றை உள்ளே விட்டு மற்றதைத் திருப்பி அனுப்புகிறது, அவ்வளவுதான். மூன்றுமே அகச்சிவப்பு, கண்ணுக்குத் தெரியாது. அதனால் கழற்றிய முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்கவே கூடாது, தயவுசெய்து.

ஆனால் 1310-க்கும் 1490-க்கும் நடுவே ஏன் இத்தனை இடைவெளி? வெயிலும் ஒரு காரணம். லேசர் சூடாகச் சூடாக அதன் அலைநீளம் நகரும், இந்த வகை லேசரில் ஒரு டிகிரிக்கு 0.1 நானோமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். வீட்டுப் பெட்டியில் இருப்பது குளிரூட்டல் இல்லாத மலிவு லேசர், அது மே மாதத்தில் எங்கே நகர்ந்தாலும் பரவாயில்லை என்று 1260 முதல் 1360 வரை முழுவதையும் அதற்கே விட்டுவிட்டார்கள்.

நெடுந்தூரக் கேபிள்களில் அந்தத் தாராளம் கிடையாது. அங்கே ஓர் அலைநீளத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 0.8 நானோமீட்டர்தான், பல இடங்களில் அதில் பாதிதான். பத்து டிகிரி சூடேறினால் பக்கத்து வீட்டுக்குள் நுழைந்துவிடும்! அதனால் ஒவ்வொரு லேசரையும் தனித்தனியாகக் குளிரவைத்து ஒரே வெப்பநிலையில் பிடித்து வைக்கிறார்கள். 2002-ல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே சுமார் 3,200 கிலோமீட்டருக்குப் போட்ட ஐ2ஐ கடல் கேபிளை எடுத்துக்கொள்ளுங்கள். வடிவமைப்பின்படி 8 ஜோடி இழை, ஜோடிக்கு 105 அலைநீளம், ஒவ்வொன்றிலும் நொடிக்கு 10 ஜிகாபிட். பெருக்கினால் நொடிக்கு 8,400 ஜிகாபிட், அதாவது 8.4 டெராபிட்.

இந்த 105-ஐ ஓர் இழைக்குள் நுழைப்பதும் மறுமுனையில் பிரிப்பதும் பெரிய சாமர்த்தியம்தான், ஆனால் என்னை இன்றும் அசர வைப்பது நடுவழியில் நடப்பது. எவ்வளவு சுத்தமான கண்ணாடியாக இருந்தாலும் 100 கிலோமீட்டர் போனால் ஒளியில் நூறில் சில பங்குதான் மிஞ்சும். முன்பெல்லாம் வழியில் ஒளியை மின்சாரமாக்கி, சரிசெய்து, திரும்ப ஒளியாக்கி அனுப்பினார்கள். 105 அலைநீளத்துக்கு அப்படிச் செய்ய வேண்டுமென்றால் கடலடியில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் 105 கருவி வேண்டும், யாரும் அதற்குத் துணியமாட்டார்கள். 1987-ல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பேய்னின் குழு வேறொரு வழியைக் காட்டியது: இழைக் கண்ணாடியிலேயே எர்பியம் என்ற உலோகத்தைக் கொஞ்சம் கலந்து, வேறொரு லேசரால் அதற்குச் சக்தி ஊட்டி வைத்தால், கடந்து போகிற ஒளி எர்பிய அணுக்களிடமிருந்து தன்னைப் போலவே இன்னும் ஒளியைக் கிளப்பிவிடும். எத்தனை அலைநீளம் வந்தாலும் எல்லாவற்றுக்கும் ஒரே துண்டுக் கண்ணாடி. எர்பியம் நன்றாக வேலை செய்வது 1530 முதல் 1565 வரை, கண்ணாடி ஒளியை மிகக் குறைவாக இழப்பதும் கிட்டத்தட்ட அங்கேதான். இது யாரும் திட்டமிட்டதல்ல, இயற்கையில் அப்படி அமைந்திருக்கிறது.

இதையெல்லாம் சொல்லி முடித்ததும் அவள் விடவில்லை. "அந்த இன்னொரு லேசருக்குக் கடலுக்கு அடியில கரண்ட் யார் மாமா குடுப்பா?" கரையில் இருந்துதான் கண்ணு. அதே கேபிளுக்குள் இழைகளைச் சுற்றி ஒரு செம்பு உறை ஓடுகிறது, நிலையத்தில் இருந்து பல ஆயிரம் வோல்ட்டை அதன் வழியாகத்தான் கடலுக்குள் அனுப்புகிறார்கள்.