பழைய மோட்டார் படகில் நீர்ச்சறுக்கு இழுவைக் கம்பி பொருத்திய அனுபவம்

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ஏரிகளுக்குப் பஞ்சமில்லை. பழைய படகுகளுக்கும் பஞ்சமில்லை. எங்களிடம் இருப்பது 1984-இல் கட்டப்பட்ட, 16 அடி நீளமுள்ள ஃபைபர் படகு. 60 குதிரைத்திறன் மோட்டார் அதன் பின்சுவரில் தொங்குகிறது. மீன்பிடிக்க மட்டுமே பயன்பட்டு வந்த அந்தப் படகில் நீர்ச்சறுக்கும் செய்ய வேண்டும் என்று மகள் பிடிவாதம் பிடித்ததால், சறுக்குபவரை இழுக்கும் கயிற்றை மாட்டுவதற்கான இழுவைக் கம்பியைப் பொருத்தும் வேலையில் இறங்கினேன்.

கம்பியை வாங்குவதற்கு முன் அதைத் தாங்கப்போகும் பின்சுவரைச் சோதிப்பதுதான் முதல் வேலை. தண்ணீரில் குந்திய நிலையில் இருப்பவரைக் கயிறு வெளியே இழுத்து எழுப்பும் அந்தச் சில நொடிகளில்தான் விசை உச்சத்தைத் தொடுகிறது. அது முழுவதும் பின்சுவரில்தான் இறங்குகிறது. அக்காலத்து ஃபைபர் படகுகள் பலவற்றில் பின்சுவருக்குள்ளே பிளைவுட் இருக்கும். பழைய போல்ட் துளைகள் வழியாக நீர் கசிந்து அந்தப் பலகை உளுத்துப்போயிருந்தாலும், வெளிப்பூச்சு பளபளவென்று ஒன்றும் அறியாததுபோல் இருக்கும். ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் ஒவ்வோர் அங்குலமாகத் தட்டிப் பார்த்தேன். 'டக் டக்' என்ற உறுதியான ஓசைக்குப் பதிலாக 'பொத்' என்று கேட்டால் அந்த இடம் சந்தேகத்துக்குரியது. பிறகு மோட்டாரைப் பாதி தூக்கி, அதன் கீழ்முனையைப் பலமாக அழுத்தி, பின்சுவர் அசைகிறதா என்று கவனித்தேன். கடைசியாக உட்புறத்தின் அடிப்பகுதியில் சிறு துளையிட்டபோது, வெளிவந்த மரத்தூள் உலர்ந்து வெளிர்நிறமாக இருந்தது. கறுத்து ஈரமாக வந்திருந்தால் இந்த வேலையை அத்துடன் நிறுத்தியிருப்பேன். அந்தத் துளையை, இறுகிக் கெட்டியாகும் எபாக்ஸிப் பசையால் அடைத்தேன்.

படகின் தரையில் நடும் உயரமான கம்பத்தை நான் விரும்பவில்லை. இழுக்கும் புள்ளி உயர உயர, நெம்புகோல்போலத் தரையைப் பெயர்க்கும் விசையும் கூடும். எடை குறைந்த படகை அது ஒருபக்கம் சாய்க்கவும் கூடும். பின்சுவரில் இருக்கும் இரு வளையங்களுக்கும் இடையே கட்டும், மிதவை கோத்த கயிறு (மிதவைக் கயிறு) மலிவானது, துளையிட வேண்டியதும் இல்லை. ஆனால் கயிறு தளரும்போது புரொப்பெல்லரில் சிக்காமல் எப்போதும் ஒரு கண் வைத்திருக்க வேண்டும். ஆகவே மோட்டாருக்கு மேலாக வளைந்து, நான்கு கால்களால் பின்சுவரில் ஊன்றும் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியைத் தேர்ந்தெடுத்தேன். துளையிடுமுன் அதைக் கவ்விகளால் நிறுத்தி, மோட்டாரை முழுவதும் தூக்கியும் இருபுறமும் திருப்பியும் எங்கேனும் உரசுகிறதா என்று பார்த்துக்கொள்வது அவசியம்.

துளைகள் அனைத்தையும் நீர்மட்டத்துக்கு மேலேயே அமைத்தேன். மேற்பூச்சு சிதறாமல் இருக்க, டேப் ஒட்டி, டிரில்லை முதலில் எதிர்த்திசையில் சுழலவிட்டுப் பூச்சைத் தேய்த்த பிறகே உள்ளே செலுத்தினேன். 3/8 அங்குல போல்ட்டுக்கு 1/2 அங்குலத் துளையிட்டு, அதைக் கெட்டியான எபாக்ஸியால் நிரப்பி, இறுகிய பின் நடுவில் சரியான அளவில் மறுபடியும் துளையிட்டேன். இதனால் போல்ட்டைச் சுற்றி எபாக்ஸிக் குழாய் ஒன்று உருவாகி, பிளைவுட்டை நீர் தொடாமல் காக்கிறது. உட்புறத்தில் வெறும் வாஷர் போதாது. விசை பரவ 1/4 அங்குலத் தடிமனுள்ள அலுமினியத் தகடுகளை வைத்தேன். கடல்சார் பாலியூரித்தேன் பசையைத் தடவி, போல்ட்டின் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை மட்டுமே திருப்ப வேண்டும். தலை சுழன்றால் பசையின் அடைப்பு கலைந்துவிடும்.

மின்னசோட்டா சட்டப்படி, ஒருவரை இழுத்துச் செல்லும்போது, ஓட்டுநரைத் தவிர அவரைத் தொடர்ந்து கவனிக்கும் இன்னொருவர் படகில் இருக்க வேண்டும். அல்லது பின்புறம் அகலமாகத் தெரியும் கண்ணாடி பொருத்தியிருக்க வேண்டும். நாங்கள் கண்ணாடியும் பொருத்தினோம், ஆளையும் உட்காரவைத்தோம். இதே மாநிலத்தின் பெப்பின் ஏரியில் 1922-இல் முதன்முதலாக நீர்ச்சறுக்கு செய்த ரால்ஃப் சாமுவேல்சன் சன்னல் சட்டத்தை ஏற்றி இறக்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு போனாராம். நாங்கள் வாங்கியதோ வழக்கமான 75 அடி நீர்ச்சறுக்குக் கயிறு.

முதல் ஓட்டத்தில் கம்பி அசையவே இல்லை. ஆனால் படகு வேகமெடுக்கத் திணறியது. அதனால் பிட்ச் (ஒரு சுற்றில் புரொப்பெல்லர் முன்னேறக்கூடிய தூரம்) 2 அங்குலம் குறைந்த புரொப்பெல்லருக்கு மாறினேன். உச்ச வேகம் சற்றுக் குறைந்தாலும், மகள் தண்ணீரிலிருந்து சட்டென்று எழ முடிந்தது. பிட்ச் குறைந்தால் மோட்டாரின் சுழற்சி கூடும் என்பதால், முழு வேகத்தில் அது உற்பத்தியாளர் குறித்த உச்சவரம்பைத் தாண்டவில்லை என்பதை மீட்டரில் பார்த்து உறுதிசெய்துகொண்டேன்.

சில ஓட்டங்களுக்குப் பிறகு நட்டுகளைச் சோதித்தபோது ஒன்று மட்டும் சற்று இறுக்கம் கேட்டது. பிள்ளைகள் இப்போது பலர் அமரும் காற்றடைத்த ரப்பர் மிதவையையும் இழுக்கச் சொல்கிறார்கள். அதன் இழுவை ஒற்றைச் சறுக்காளரின் இழுவையைவிட மிக அதிகம் என்பதால், அதை இந்தக் கம்பியில் மாட்ட நான் அனுமதிப்பதில்லை. அதற்கெனக் கீழ் வளையங்களில் மிதவைக் கயிற்றைக் கட்டுகிறோம்.