நாலு வயதுக்கு நெவர்பீஸ்ட் போடலாமா?

மே 2, வெள்ளி

தங்கை தன் மகளை விடுமுறைக்கு இங்கே விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். குட்டிக்கு நாலு வயது, என் மகனுக்கு ஏழு. வெளியே தலை காட்ட முடியாத வெயில், மதியத்தில் ஒரு படம் போட்டே ஆக வேண்டும். குட்டிக்குத் தேவதைப் படம்தான் வேண்டுமாம். டிஸ்னியின் டிங்கர் பெல் வரிசையில் கடைசியாக வந்த ‘லெஜண்ட் ஆஃப் தி நெவர்பீஸ்ட்’ (2014) என்று முடிவாயிற்று. பிள்ளைகள் தூங்கிய பிறகு நான் மட்டும் ஒரு தடவை பார்த்துவிட்டேன். ஒன்றேகால் மணி நேரம்தான்.

அமெரிக்காவில் இதற்கு ஜி சான்று. நம் ஊர் யு மாதிரி, எல்லோரும் பார்க்கலாம். இங்கே 2023-இல் சட்டத்தைத் திருத்தி யு/ஏ-வை 7, 13, 16 என்று வயதுவாரியாகப் பிரித்தார்கள். யு-வைத் தொடவில்லை. அதற்குள் நாலு வயதும் ஒன்றுதான், பத்து வயதும் ஒன்றுதான். பெரிய அடிதடி, ஆபாசம் இல்லை என்பது வரைக்கும் அந்த எழுத்தை நம்பலாம். பிள்ளை ராத்திரி தூங்குமா என்று அதனிடம் கேட்க முடியாது.

கதை நல்ல கதை. விலங்குகளைக் கவனித்துக்கொள்ளும் ஃபான் என்ற தேவதை, கிரஃப் என்ற பிரம்மாண்டமான மிருகத்தோடு பழகுகிறாள். வானில் பச்சை வால்நட்சத்திரம் போகும்போது விழித்து, புயலைக் கூட்டி வந்து ஊரை அழிக்கும் மிருகம் அது என்று பழைய கதை ஒன்று சொல்கிறது. அதை நம்பி, காவல் தேவதை நிக்ஸ் கிரஃபைத் துரத்துகிறாள். எனக்கு மிகவும் பிடித்தது இந்த நிக்ஸ்தான். அவள் வில்லி இல்லை. ஊரைக் காப்பது அவள் வேலை, அதைச் செய்கிறாள். படத்தில் கெட்டவர் என்று யாருமே கிடையாது. குழந்தைகள் படத்தில் இது எவ்வளவு அபூர்வம்! (தேவதைகள் எல்லோருக்கும் ஒரே அச்சில் வார்த்த இடுப்பு. அதைப் பற்றித் தனியாக ஒரு நாள் புலம்ப வேண்டும்.)

மே 3, சனி

இன்று மூவரும் சேர்ந்து பார்த்தோம். நான் பயந்த இடம் ஒன்று, அவர்கள் பயந்த இடங்கள் வேறு.

ஆரம்பத்திலேயே பெரிய பருந்துகள் தேவதைகளைத் தாக்க வருகின்றன. குட்டி என் மடியில் முகத்தைப் புதைத்தவள், அவை போய்விட்டனவா என்று நாலு முறை கேட்டாள். கிரஃப் வந்தபோது துளிப் பயம் இல்லை. ஃபான் அவன் காலில் தைத்த முள்ளை எடுத்ததுமே இவளுக்கும் அவன் சிநேகிதனாகிவிட்டான். ஆனால் பின்பாதியில் இடி மின்னலுக்கு நடுவே அவனுக்குக் கொம்பும் இறக்கையும் முளைக்கின்றன. “பெரிம்மா, கிரஃப் எங்கே போனான்?” என்று அழ ஆரம்பித்துவிட்டாள். அவன்தான் இவன் என்று எவ்வளவு சொன்னாலும் ஏறவில்லை. இந்தப் பூதம் கிரஃபைத் தின்றுவிட்டதாம். மாம்பழம் நறுக்கிக் கையில் கொடுத்து, என்னோடு ஒட்டி உட்கார வைத்த பிறகுதான் அடங்கினாள்.

மகன் இதையெல்லாம் பார்த்துப் பெரிய மனுஷன் போலச் சிரித்தான். ஃபான் மின்னல் தாக்கி அசையாமல் கிடந்தபோது சிரிப்பு நின்றது. அவள் பிழைத்துவிடுகிறாள். ஆனால் கிரஃப் மறுபடி ஆயிரம் வருடம் தூங்கப் போக வேண்டும். எல்லோரும் சேர்ந்து குகையில் படுக்கை போட்டு வழியனுப்புகிறார்கள். மகன் தேம்பித் தேம்பி அழுதான். “அவன் எழுந்திருக்கும்போது ஃபான் இருக்க மாட்டாளேம்மா?” அந்த நேரத்தில் குட்டி, கிரஃபுக்குத் தலையணை கிடைத்துவிட்டதில் பரம சந்தோஷமாக மாங்கொட்டையைச் சப்பிக்கொண்டிருந்தாள்.

மே 4, ஞாயிறு

படம் பார்த்துக் குழந்தைகள் பயப்படுவதை விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் வெகுகாலம் ஆராய்ந்தவர் ஜோவன் கேன்டர். பள்ளி செல்லாத வயதில் பார்வைக்கு எது கோரமோ அதுதான் பயம், வளர வளர என்ன நடக்கக்கூடும் என்பது பயமாகிறது என்கிறார். ‘இன்கிரெடிபிள் ஹல்க்’ தொடரில் சின்னப் பிள்ளைகளை அதிகம் மிரட்டியது ஹல்க் செய்த காரியங்கள் இல்லை, சாதாரண மனிதர் பச்சை மனிதராக மாறும் இடம். நேற்று எங்கள் சோபாவில் நடந்ததும் அதுவே. சின்னவர்களிடம் விளக்கவுரை அவ்வளவாக எடுபடாது, அணைத்துக்கொள்வதும் தின்ன ஏதாவது கொடுப்பதும் பலிக்கும் என்பதும் அவர் சொன்னதுதான்.

அம்மாவுக்கு இந்த ஆராய்ச்சியெல்லாம் சிரிப்பு. “அம்புலிமாமாவில் வேதாளத்தைத் தோளில் தூக்கிட்டுச் சுடுகாட்டுல நடக்கிற ராஜா படத்தைப் பார்த்துதானே வளர்ந்தே?” சரி, வளர்ந்தேன். ஆனால் அந்தப் பக்கத்தை வேகமாகத் திருப்பிவிட முடியும். டிவியில் இடி, முழக்க இசை, கொம்பு எல்லாம் ஒரே நேரத்தில் மேலே வந்து விழுகிறதே.

மே 7, புதன்

குட்டி திவானிலிருந்து “பறக்கிறேன்” என்று குதித்துவிட்டாள். அடி எதுவும் இல்லை. இது நூற்றாண்டுப் பழக்கம். டிங்கர் பெல் முதன்முதலில் வந்த ஜே. எம். பாரியின் பீட்டர் பான் நாடகம் 1904-இல் லண்டனில் மேடையேறியபோது, பார்த்த பிள்ளைகள் வீட்டுக் கட்டிலிலிருந்து பறக்க முயன்று அடிபட்டார்களாம். பெற்றோர் கேட்டுக்கொண்டதால், தேவதைத் தூள் மேலே பட்டால்தான் பறக்க முடியும் என்று பாரி நாடகத்தில் சேர்த்தார். நானும் அதையே சொன்னேன். தூள் எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்கிறாள்.

மகன் ஒரு நல்ல காரியம் செய்தான். நோட்டில் சாதா கிரஃபை வரைந்து, அவள் கண் முன்னாலேயே ஒவ்வொரு கொம்பாகச் சேர்த்தான். குட்டி பென்சிலைப் பிடுங்கி மூக்கின் மேலும் ஒன்று வைத்துவிட்டாள்.

சாயங்காலம் தங்கை போனில், “அக்கா, பக்கத்து வீட்டுப் பொண்ணுக்கும் இதைப் போடலாமா?” என்றாள். நாலு வயதுக்குள் என்றால் இப்போது வேண்டாம், நாலு, ஐந்து என்றால் பருந்துக் காட்சியை ஓட்டிவிடு, கொம்பு முளைக்கும்போது சத்தத்தைக் குறைத்து மடியில் வைத்துக்கொள் என்றேன். ஆறு, ஏழுக்குத் தாராளமாகப் போடலாம். ஆனால் கடைசிப் பத்து நிமிஷம் சமையலறைப் பக்கம் போகாதே, அங்கேதான் கேள்வி வரும் என்றும் சொன்னேன். “இவ்வளவு யோசிக்கணுமா ஒரு கார்ட்டூனுக்கு?” என்றவள், அப்புறம் படத்தின் பெயரை இன்னொரு முறை சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டாள்.