வெட்டி விற்கப்படும் அட்டை

நைஜீரியாவின் லாகோஸ் நகரில், மருந்து இறக்குமதி நிறுவனம் ஒன்றின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் வேலை பார்த்த காலத்தில், மலேரியாவுக்கான ஆர்ட்டிமீத்தர்–லூமஃபேன்ட்ரின் கூட்டு மாத்திரைகளைச் சோதிப்பதே பெரும்பாலும் என் பொறுப்பாக இருந்தது. மாத்திரையைப் பொடித்துக் கரைத்து, ஒரு சொட்டைத் தகட்டில் வைத்துக் கரைப்பானில் ஏறவிட்டு, புற ஊதா விளக்கின் கீழ் பிடித்தால் லூமஃபேன்ட்ரின் கரும்புள்ளியாகத் தெரியும். ஆர்ட்டிமீத்தரோ, தகட்டைக் கந்தக அமிலக் கரைசலில் நனைத்துச் சூடாக்கிய பிறகே தலைகாட்டும். சூடேற்றியும் அந்தப் புள்ளி எழாத தகடுகளைப் பார்த்திருக்கிறேன்; அந்த மாத்திரைகளில் ஆர்ட்டிமீத்தர் இல்லை என்று பொருள்.

மாத்திரையின் மஞ்சள் நிறம் லூமஃபேன்ட்ரினால் வருவது என்பதால் நிறத்தை நம்பலாம் என்று தோன்றும். ஆனால் 2012இல் அங்கோலாவின் லுவாண்டாவில் ஒலிபெருக்கிகளுக்குள் ஒளித்துக் கொண்டுவரப்பட்டுப் பிடிபட்ட போலி மாத்திரைகளில் மருந்து துளியும் இல்லை. மஞ்சள் நிறமி மட்டும் மறக்காமல் சேர்க்கப்பட்டிருந்தது. தென்கிழக்கு ஆசியாவில் புழங்கிய, ஆர்ட்டிசுனேட் என்ற இன்னொரு மலேரியா மருந்தின் போலிகளில் பாராசிட்டமால் கலந்தவையும் உண்டு. இவற்றையே நான் அதிகம் அஞ்சுகிறேன்: காய்ச்சல் தணிவதைக் கண்டு தாய் நிம்மதியடைவாள், குழந்தையின் இரத்தத்தில் ஒட்டுண்ணி பெருகிக்கொண்டே இருக்கும். சிறிதளவு மருந்து கலந்த மாத்திரையோ, ஒட்டுண்ணி அம்மருந்தைத் தாங்கப் பழகுவதற்கு வழி செய்துவிடும்.

நைஜீரியாவின் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனமான நாஃப்டாக், பெட்டியில் உள்ள எண்ணைச் சுரண்டிக் குறுஞ்செய்தியில் அனுப்பிச் சரிபார்க்கும் முறையை 2010இல் கொண்டுவந்தது. நல்ல ஏற்பாடுதான்; ஆனால் அது பெட்டியோடு வாங்குபவருக்கானது. பெரியவருக்கு 3 நாட்களுக்கு 24 மாத்திரைகள் என்றிருக்க, அன்றைய கூலிக்கு ஏற்ப ஒரு வேளைக்கு 4 மட்டும் கேட்பவருக்குச் சிறு மருந்துக்கடைக்காரர் கத்தரிக்கோலால் மாத்திரை அட்டையை வெட்டித் தருகிறார். சுரண்டும் எண் கடையிலேயே தங்கிவிடுகிறது. அட்டையின் ஓரத்தில் பொறித்த, எந்தத் தயாரிப்புத் தொகுதி என்று காட்டும் பேட்ச் எண்ணும் காலாவதி நாளும் முதலில் வாங்கியவரோடு போய்விடுகின்றன. அப்படி வெட்டிய துண்டு ஆய்வகத்திற்கு வந்து போலி என்று உறுதியானாலும், எந்தச் சரக்கைத் திரும்பப் பெறச் சொல்வது?

கடைக்காரரைக் குற்றவாளியாக்க எனக்கு மனம் வருவதில்லை. அவரும் மொத்தச் சந்தையில் பெட்டியின் அச்சைப் பார்த்து வாங்கியவர்தான், தம் பிள்ளைக்கும் அதே மாத்திரையைத் தருபவர். முழுப் பெட்டியையும் கூலியாள் வாங்கும் விலைக்கு மானியத்தால் இறக்குவது, பெட்டிமேல் இன்னொரு அடையாளம் ஒட்டுவதைவிடப் பயன் தரும் என்பதே என் கருத்து.